எது காத்திருக்கட்டும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் மேசையை எந்த நாளில் போய்ப் பார்த்தாலும், 'அர்ஜென்ட்' என்று எழுதாத ஃபைல் ஒன்றுகூட இருக்காது. ஒரு மெர்ச்சண்டைசர் சிவப்பு மையில் எழுதியிருப்பார். அதைப் பார்த்த அடுத்தவர் தன் ஃபைலில் சிவப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருப்பார். மூன்றாமவர் எழுதவே மாட்டார். நேராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்த மேசைக்குப் புதிதாக வந்திருப்பவருக்கான அத்தியாயம் இது. டெய்லராக நுழைந்து, லைன் சூப்பர்வைசராகி மேலே வந்தவராக இருக்கலாம். டெக்ஸ்டைல் படித்துவிட்டு நேராக வந்தவராகவும் இருக்கலாம். வேறு தொழிலில் இருப்பவர்கள் 'ஆர்டர்' என்று வருமிடத்தில் தங்கள் வேலையின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

முன்னுரிமை என்றதும் எதை முதலில் செய்வது என்றுதான் யோசிக்கிறோம். அதைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. எல்லாவற்றையுமே முதலில் செய்யச் சொல்ல ஆள் இருக்கிறது. எந்த ஆர்டர் காத்திருக்க வேண்டும், எத்தனை நாள், அதனால் யார் முகம் சுளிப்பார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. உங்களுக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான்.

நிர்வாகப் பயிற்சி வகுப்பு எதற்குப் போனாலும் நான்கு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அவசரமும் முக்கியமும் ஒரு கட்டம், முக்கியம் ஆனால் அவசரமில்லை என்பது இன்னொன்று, இப்படி. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பெயரில் அது வழங்குகிறது. 1954-ல் எவன்ஸ்டன் நகரில் பேசியபோது அவர் அவசரத்தையும் முக்கியத்தையும் பிரித்துக் காட்டியது உண்மைதான். அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். கட்டம் போட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1989-ல் வந்த ஸ்டீபன் கோவியின் புத்தகம். ஒரு மனிதர் தன் நாளைத் திட்டமிட நல்ல கருவி, மறுக்கவில்லை. தையல் தளத்தில் அது கைகொடுக்காது. அங்கே எல்லா ஆர்டரும் முதல் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும்; மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கும்.

வரிசையில் நிற்கத் தகுதி

வரிசை போடும் முன்பு கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். முழுப் பொருளும் கைக்கு வராத ஆர்டருக்கு வரிசையில் இடமில்லை. துணி, ரிப், நூல், மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், பையர் ஒப்புக்கொண்ட பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள் ஆகிய எல்லாம் வந்த பிறகுதான் அது உங்கள் பட்டியலில் ஏற வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நடப்பது என்ன? போலோ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. துணி வந்து, கட்டிங் முடிந்து, பண்டல் கட்டியாயிற்று. காலர் மட்டும் பாக்கி, 'நாளைக்குக் காலையில வந்துரும்' என்கிறார்கள். டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று லைனில் ஏற்றிவிடுகிறீர்கள். முன்பட்டி வைத்தாயிற்று, தோள் மூட்டியாயிற்று. காலர் வைக்கிற மெஷினுக்கு முன்னால் பண்டல்கள் இடுப்புயரத்துக்குக் குவிகின்றன. மறுநாள் மாலை காலர் வருகிறது. வெளிச்சத்தில் சட்டை மேல் வைத்துப் பார்த்தால், உடம்பு ஒரு நீலம், காலர் வேறு நீலம். வேறு லாட்டில் சாயம் போட்டிருக்கிறார்கள். இனி அந்த லைனைக் காலி செய்து வேறு ஆர்டரை ஏற்றவேண்டும். ஓவர்லாக்கில் நூல் மாற்றவேண்டும், பேட்லாக்கில் ஃபோல்டர் மாற்றவேண்டும். பாதி தைத்த பண்டல்களை எண்ணி மூட்டை கட்டி, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் போடவேண்டும். அந்த மூலையில் நான்கு பண்டல் தொலையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெய்லர் அரை நாள் சும்மா இருப்பது கண்ணில் படுகிற நஷ்டம். அரைகுறையாக ஏற்றிய ஆர்டரால் வருவது கண்ணில் படாத நஷ்டம், முன்னதைப் போலப் பல மடங்கு. முதலாளி தளத்துக்குள் வரும்போது எல்லா மெஷினும் ஓட வேண்டும் என்கிற பயம்தான் நம்மை இரண்டாவதில் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

அடைப்பு எங்கே?

இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் ஒரு தொழிற்சாலை மேலாளரைக் கதாநாயகனாக வைத்து நாவல் வடிவில் ஒரு நிர்வாக நூல் எழுதினார். பெயர் 'தி கோல்'. அதன் சாரத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால்: கட்டிங் ஒரு நாளைக்கு 4,000 பீஸ் வெட்டலாம், தையல் 3,000 தைக்கலாம், ஆனால் செக்கிங்கும் அயர்னிங்கும் சேர்ந்து 2,000தான் தாண்டுகிறது என்றால், உங்கள் கம்பெனி ஒரு நாளைக்கு 2,000 பீஸ் கம்பெனி. தையலில் பத்து மெஷின் கூட்டினாலும் 2,000தான்.

ஆகவே வரிசை போட வேண்டிய இடம் அந்த அடைப்பு மட்டுமே. மற்ற இடங்கள் அதற்குத் தேவையானதைத் தேவையான நேரத்தில் தந்தால் போதும். இதைக் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்வார். பீஸ் ரேட்டில் வெட்டுகிறவருக்கு இன்று வெட்டினால் இன்று காசு. அவர் வெட்டி வெட்டித் தள்ளுவது தவறில்லை. அப்படித் தள்ளினால்தான் காசு என்று ரேட் போட்டது யார் என்று பாருங்கள்.

1961-ல் ஜான் லிட்டில் நிறுவிக் காட்டிய ஒரு விதி இங்கே பயன்படும். ஒரு பெருக்கல்தான். கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் 12,000 பீஸ் கிடக்கிறது, தினமும் 2,000 வெளியே போகிறது என்றால், இன்று வெட்டிய பீஸ் சராசரியாக 6 நாள் கழித்துத்தான் பெட்டிக்குள் போகும். 'இது அர்ஜென்ட், இன்னைக்கே வெட்டுங்க' என்று கத்துவதால் அது 5 ஆகாது. நடுவில் கிடப்பதைக் குறைத்தால் ஆகும்.

அடைப்பு எப்போதும் உங்கள் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டுமென்பதில்லை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தைக்க ஆளும் மெஷினும் இருந்தன, சாயம் போட்ட துணி இல்லை. வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நாட்களில் தையல் தளத்தில் நின்றுகொண்டு வரிசை போடுவதில் அர்த்தமில்லை. எந்தத் துணி முதலில் சாயத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் வரிசை.

நான்கு ஆர்டர், ஒரு லைன்

இனி ஒரு கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரே லைன், அடைப்பும் அதுதான். பொருள் முழுதாக வந்த ஆர்டர்கள் நான்கு:

ரவுண்ட் நெக்: 7 நாள் வேலை, 8-ஆம் நாள் முடிய வேண்டும்.
போலோ: 3 நாள் வேலை, 9-ஆம் நாள்.
லெக்கிங்ஸ்: 2 நாள் வேலை, 11-ஆம் நாள்.
குழந்தைகள் பைஜாமா: 4 நாள் வேலை, 14-ஆம் நாள்.

மொத்தம் 16 நாள் வேலை. ஸ்டைல் மாற்றும் நேரமும் இதற்குள் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, கத்துகிறவருக்கு முதலிடம். நம்மில் பலர் செய்வது இதுதான், பெயர் மட்டும் சொல்வதில்லை. பைஜாமா மெர்ச்சண்டைசர்தான் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் என்றால், பைஜாமா 4-ஆம் நாளே முடிந்து பத்து நாள் சும்மா கிடக்கும். ரவுண்ட் நெக் 11-ல் முடியும், 3 நாள் தாமதம். போலோ 14-ல், லெக்கிங்ஸ் 16-ல், இரண்டும் 5 நாள் தாமதம்.

இரண்டாவது, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். யாரையும் நோகடிக்காத வழி என்று தோன்றும். தினம் ஒரு ஸ்டைல் என்று சுற்றிவந்தால் லைனை 13 தடவை மாற்ற வேண்டும்; ஒவ்வொன்றாக முடித்தால் 3 தடவைதான். கூடுதலாகப் பத்து மாற்றம், ஒன்றுக்கு அரை நாள் என்றாலும் 5 நாள் போயிற்று. புது ஸ்டைல் கைக்குப் பழகும்வரை டெய்லர் இழக்கிற வேகம் தனி.

மூன்றாவது, கெடு எதற்கு முந்தியோ அது முதலில். 1955-ல் ஜே. ஆர். ஜாக்சன் இதை நிரூபித்துக் காட்டினார்: அதிகபட்சத் தாமதத்தை மிகக் குறைவாக வைக்க இதைவிடச் சிறந்த வரிசை கிடையாது. நம் கணக்கில் ரவுண்ட் நெக் 7-ல் முடிந்துவிடும். போலோ 10, லெக்கிங்ஸ் 12, பைஜாமா 16. மூன்று ஆர்டர் தாமதம், ஆனால் 1 நாள், 1 நாள், 2 நாள்.

நான்காவது, 1968-ல் ஜே. மைக்கேல் மூர் சொன்ன வழி. கெடு வரிசையில் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒன்று தாமதமாகிறது என்று தெரிந்ததும், அதுவரை போட்டவற்றில் பெரிய வேலை எதுவோ அதைத் தூக்கிக் கடைசியில் வையுங்கள். ரவுண்ட் நெக்கை இறக்கினால் போலோ 3, லெக்கிங்ஸ் 5, பைஜாமா 9 எனக் கெடுவுக்கு வெகு முன்னதாகவே முடிகின்றன. ரவுண்ட் நெக் மட்டும் 16, எட்டு நாள் தாமதம்.

ஆக, மூன்று பேரிடம் சின்னதாகத் தலை குனிவதா, ஒருவரிடம் பெரிதாகக் குனிவதா? இதற்குக் கணிதம் பதில் சொல்லாது.

ஒரு நாளின் விலை

பதில் சொல்வது கப்பல். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றுகிற கப்பலுக்கு ஒரு கட்-ஆஃப் உண்டு. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிற சரக்கென்றால் அந்த இணைப்பையும் பிடிக்க வேண்டும். கட்-ஆஃபைத் தவறவிட்டால் அடுத்த வாரக் கப்பல்தான் என்கிற தடத்தில், ஒரு நாள் தாமதமும் ஆறு நாள் தாமதமும் ஒன்றே. அதேபோல் கட்-ஆஃபுக்கு நான்கு நாள் முன்பே கெடு வைத்திருக்கிற மெர்ச்சண்டைசரும் உண்டு, ஒரு பாதுகாப்புக்கு. அங்கே இரண்டு நாள் தாமதம் தாமதமே இல்லை. உங்கள் பட்டியலில் எழுத வேண்டியது மெர்ச்சண்டைசர் சொன்ன தேதியை அல்ல, கப்பலின் தேதியை. கேட்டால் முதலில் சொல்ல மாட்டார்கள். புக்கிங்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால் விமானம். அந்தச் செலவு கம்பெனி தலையில் விழுந்தால் ஆர்டரின் லாபம் முழுதாகப் போய்க் கைக்காசும் போகலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிரே, தவறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்: விமானம், தள்ளுபடி, பையர் பொறுப்பார், ரத்து. ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற அட்டவணைகளை நான் பரிந்துரைப்பதில்லை. வர வேண்டிய பதிலை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுவது மனித சுபாவம்.

அடுத்து, கணக்கையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். இதுவரை பார்த்ததெல்லாம் 16 நாள் வேலையை 16 நாளில் எப்படி அடுக்குவது என்பதுதான். ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினால் ஒரு மாலைக்கு அரை நாள் வேலை கிடைக்கும். ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால் முழு ஆர்டரும் வெளியே போகும். இவற்றை வைத்து மூன்று ஏற்பாடுகள் கிடைக்கின்றன, மூன்றிலும் ஒன்றுகூடத் தாமதமில்லை:

போலோவை வெளியே கொடுத்தால் ரவுண்ட் நெக் 7, லெக்கிங்ஸ் 9, பைஜாமா 13. ஒன்றரை ஷிஃப்டே வேண்டாம்.

லெக்கிங்ஸை வெளியே கொடுத்து, முதல் வாரத்தில் இரண்டு மாலை ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினால் ரவுண்ட் நெக் 6, போலோ 9, பைஜாமா 13.

எதையும் வெளியே கொடுக்காமல் நான்கு மாலை ஓட்டினால் 5, 8, 10, 14.

நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முன்பட்டியும் காலரும் உள்ள போலோவைக் கண்பார்வையை விட்டு அனுப்பினால் செக்கிங்கில் அழ வேண்டியிருக்கும். லெக்கிங்ஸ் ஓவர்லாக், எலாஸ்டிக், அடி மடிப்பு என்று முடிந்துவிடும். சின்ன யூனிட்டும் தைத்துவிடும். வெளி யூனிட்டுக்குப் பையரின் ஒப்புதல் வேண்டுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மாலையையும் முன்னாலேயே செலவழித்துவிட்டால், 12-ஆம் நாள் மெஷின் படுத்துக்கொள்ளும்போது கையில் எதுவும் இருக்காது. டெய்லர்களும் ஓய்ந்து போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போலோ தப்ப வேண்டுமானால் ஒன்றரை ஷிஃப்ட் முதல் வாரத்திலேயே ஓட வேண்டும். நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? முதல் வாரம் நிதானமாக ஓட்டிவிட்டு, கடைசி மூன்று நாள் விடிய விடிய ஓட்டுகிறோம். அதற்குள் போலோவின் கப்பல் போயே போய்விட்டது.

சொல்வது

இதுவரை உள்ளதை ஒரு தாளில் போட்டுவிடலாம். மீதி மனிதர்களிடம்.

முதலில் முதலாளி. நீங்கள் வரிசையை எழுதிப் பலகையில் ஒட்டிய அன்று மதியமே போன் வரும். 'தம்பி, அந்தப் பைஜாமாவ கொஞ்சம் மேல ஏத்திருங்க.' முடியாது என்று சொல்லாதீர்கள், கம்பெனி அவருடையது. சரி என்றும் சொல்லாதீர்கள். 'ஏத்திரலாமுங்க. அதுக்கு ரவுண்ட் நெக்க நாலு நாள் தள்ளோணும், கப்பல் போயிருமுங்க. தள்ளிரட்டுங்களா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு விநாடி பேச்சு வராது. பிறகு 'இருங்க, பையிங் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்' என்பார். ஏற்றும்போது இறக்க வேண்டியதன் பெயரையும் சேர்த்துச் சொல்வது, இந்த அத்தியாயத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், எடுத்துக்கொள்ள வேண்டியது.

அடுத்து மெர்ச்சண்டைசர்கள். வரிசை மாற்றம் ஒரு நாளைக்கு ஒரு முறைதான், மாலை நான்கு மணிக்கு, எல்லோரும் நிற்கும்போது. தனியாக வந்து காதில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலை நான்கு மணிக்குச் சொல்லுங்கள். காத்திருக்கப் போகிறவருக்கு நீங்களே போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் முன்கூட்டி. எட்டு நாளுக்கு முன் தெரிந்தால் பையரிடம் பேசி ஒரு பகுதியை மட்டும் முதலில் அனுப்ப ஒப்புதல் வாங்க அவருக்கு வழி உண்டு. முந்தின நாள் தெரிந்தால் அவருக்குச் சண்டை போட மட்டும்தான் வழி.

கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரம் வர வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? 2006-ல் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக வந்த ஆலன் முலாலி, வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, எல்லாத் துறைத் தலைவர்களையும் உட்கார வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டச் சொன்னார். ஆரம்பக் கூட்டங்களில் எங்கே பார்த்தாலும் பச்சை. அந்த ஆண்டு கம்பெனியின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல்! கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு புதிய கார் வெளியீட்டுக்குச் சிவப்பு காட்டினார். கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது. முலாலி கை தட்டினார். பிறகு இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களிடமிருந்தும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. உங்கள் செக்கிங் சூப்பர்வைசர் 'அண்ணா, ஊசி ஓட்டை விழுந்திருக்கு, முந்நூறு பீஸ்' என்று வந்து நிற்கும்போது உங்கள் முகம் போகிற போக்கைத்தான் மற்ற சூப்பர்வைசர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக டெய்லர்கள். நீங்கள் போடுகிற ஒவ்வொரு வரிசையும் யாருடைய மாலை நேரத்திலோ, யாருடைய வாரச் சம்பளத்திலோ போய்த்தான் விழும். ஒன்றரை ஷிஃப்ட் என்று மாலை ஐந்து மணிக்குச் சொன்னால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு அக்கா அந்த ஐந்து மணியிலிருந்து போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். முந்தின நாளே சொல்லுங்கள். முடியாதவரை விட்டுவிடுங்கள். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பதை அவர்கள் கேட்காமலே கணக்கில் போடுங்கள். ஸ்டைல் மாறுகிற முதல் நாள் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வருமானம் விழும். அந்த ஒரு நாளைக்கு ஷிஃப்ட் சம்பளம் கொடுக்க முதலாளியிடம் பேசி வாங்குங்கள். அது இல்லாமல் நீங்கள் வரிசையை மாற்றும்போதெல்லாம் லைன் உங்களுக்கு எதிராக மெதுவாகத் தைக்கும், அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

பலகையில் எழுதுவதைப் படிக்கத் தெரியாதவர்களும் தளத்தில் இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்ப் பலகை வெறும் கோடுதான். ஒவ்வொரு ஆர்டரின் சாம்பிள் பீஸையும் வரிசைப்படி பலகையில் தொங்க விடுங்கள். இன்று ஓடுவது, அடுத்து வருவது, அதற்கடுத்தது. யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டும் போடுங்கள். வரிசை மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு வரி: தேதி, எது ஏறியது, எது இறங்கியது, யார் கேட்டார்கள், இறங்கியதற்குக் கடைசியில் என்ன ஆயிற்று. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு பத்து நிமிடம் புரட்டினால் போதும். ஒரே மெர்ச்சண்டைசர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவருடைய பையர் கடைசி நேரத்தில்தான் லேபிள் டிசைன் அனுப்புகிறார் என்பது மாதிரி ஒரு காரணம் இருக்கும். அதைத் தீர்க்க வேண்டிய இடம் உங்கள் லைன் அல்ல. முதலாளியின் பெயர்தான் அதிகம் என்றால், எதுவும் பேச வேண்டாம். அடுத்த மாத ஆர்டர் திட்டம் போட அவர் உட்காரும்போது நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு டீ சொல்லுங்கள்.